மூன்று முறை செத்த செடி: கடலூர் மொட்டைமாடியில் ஒரு பூச்சியுண்ணும் நீர்த்தாவரம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 2023 டிசம்பரிலிருந்து 2025 மார்ச் வரை யூட்ரிகுலேரியா என்ற ஒரே வகைச் செடியை நான்கு முறை வளர்க்கப் பார்த்தேன். முதல் மூன்று முறையும் செத்துப்போனது. நான்காவது முறை பூத்துக் காய்த்தது. நான்கு முறையும் தண்ணீர்தான் மாறிக்கொண்டே இருந்தது. அதில் எது கொன்றது, எது காப்பாற்றியது என்பது எனக்குப் புரியவே பல மாதம் ஆனது. இதே செடியை வளர்க்க நினைப்பவர்கள் அந்த மாதங்களை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்று, குறிப்பேட்டில் இருந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெண்ணையாற்றைத் தாண்டிப் பாகூர்ப் பக்கம் போனபோதுதான் செடியை முதலில் பார்த்தேன். சம்பா நெல் கணுக்கால் தண்ணீரில் நின்றது. வரப்போரமாகத் தண்ணீருக்கு மேலே மெல்லிய காம்புகளில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். குனிந்து ஒரு காம்பை இழுத்தேன். முழங்கை நீளத்துக்குப் பச்சை நரிவால் போல ஒரு கொடி கையோடு வந்தது. வேர் கிடையாது. இலை என்று சொல்லக்கூடியதெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அந்த நூல்களில் கடுகை விடச் சற்றுப் பெரிய பைகள் கொத்தாகத் தொங்கின. சில பச்சை, சில கறுப்பு. கையில் பிசுபிசுப்பு இல்லை, மணமும் இல்லை.

வயல்காரர் மடை பக்கமிருந்து வந்தார். "இன்னா தம்பி தேடுற?"

"இந்தச் செடி கொஞ்சம் எடுத்துக்கலாமாண்ணே?"

"அது பாசி தம்பி. வேணுங்கறத அள்ளிக்கினு போ."

அவரைக் கேட்டு எடுத்ததைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊசுடு ஏரி போன்ற இடங்களிலும் நீர்ச்செடிகள் இருக்கும். ஆனால் அது பறவைகள் சரணாலயம். அங்கே ஒரு கொடியைக்கூடத் தொடக்கூடாது. நெல்வயலில் இது களை. வயல்காரர் சம்மதித்தால் ஒரு பிடி எடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

செடியின் முழுப் பெயர் யூட்ரிகுலேரியா அவுரியா. முதல் சொல்லுக்கு லத்தீனில் சிறு தோல்பை என்று பொருள், இரண்டாவதற்குப் பொன்னிறம். வியட்நாம் பகுதித் தாவரங்களை எழுதிவைத்த லோரேரோ என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1790இல் வைத்த பெயர். இந்தப் பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பாதிக்கும் மேல் ஈரமண்ணில் வளர்பவை. இது தண்ணீரிலேயே மிதந்து வாழும் கூட்டத்தைச் சேர்ந்தது. தமிழில் இதற்கென்று எல்லாரும் சொல்லும் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் நாங்கள் பைச்செடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் பை செய்யும் வேலையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பையின் சுவர் இரண்டே செல் தடிமன். உள்ளே இருக்கும் தண்ணீரைச் செடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இறைத்துவிடும். இறைக்க இறைக்கப் பையின் இரண்டு கன்னங்களும் உள்ளே ஒட்டிப்போகும், பொக்கைவாய்த் தாத்தா கன்னம் மாதிரி. வாயில் ஒரு கதவு, கதவில் சில மயிர்கள். நீர்த்தெள்ளு என்ற மிகச் சின்ன நீர்வாழ் உயிர் ஒன்று வந்து அந்த மயிரில் இடித்தால் கதவு உள்பக்கமாக மடங்கும், கன்னம் பழையபடி உப்பும், தண்ணீரோடு சேர்ந்து பூச்சியும் உள்ளே போய்விடும். இதெல்லாம் நடந்து முடிய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. மறுபடி பொறி தயாராக அரைமணி நேரம் போல ஆகும். 1875இல் இதை ஆராய்ந்து எழுதிய டார்வின், பூச்சி தானே தலையால் கதவை முட்டித் திறந்துகொண்டு நுழைகிறது என்று நினைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் மேரி டிரீட் என்ற பெண்மணி நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்து, பைதான் இழுக்கிறது என்று கண்டுகொண்டார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

சரி, என் மாடிக்கு வருகிறேன்.

முதல் முறை

கொண்டுவந்த அன்றே நீல வாளியில் வீட்டுப் போர் தண்ணீரைப் பிடித்து அதில் விட்டேன். மூன்றாம் நாள் நுனி சுருங்கியது. ஐந்தாம் நாளில் பைகள் உதிர்ந்து வாளியின் அடியில் எள் கொட்டியது போலக் கிடந்தன. பத்தாம் நாள் வெறும் நரம்புதான் மிதந்தது. அது பசியால் வாடுகிறது என்று எண்ணி, தினமும் இரண்டு எறும்பைப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எறும்பு மேலேயே மிதந்து அழுகியது. பைச்செடி பிடிப்பது தண்ணீருக்குள் நீந்தும் மிகச் சின்ன உயிர்களை மட்டுமே. இதை அப்போது நான் படித்திருக்கவில்லை.

அம்மா வாளியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் தண்ணியில பருப்பே வேகாது. இது எப்படிப்பா பொழைக்கும்?"

அம்மா சொன்னதுதான் சரியான நோயறிதல். எங்கள் தெருவின் போர் தண்ணீர் சோப்பு நுரைக்காத தண்ணீர். பாத்திரம் காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். ஆர்ஓ பழுதுபார்க்க வந்தவரின் பேனா மீட்டரை வாங்கி வைத்துப் பார்த்தேன். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,100ஐத் தாண்டியது. கடலோரம் என்பதால் உப்பும் உண்டு, சுண்ணமும் உண்டு. இந்தச் செடி வாழும் வயலிலோ மழைத் தண்ணீர்தான் நிற்கிறது.

இரண்டாவது முறை

பருப்பு வேகும் தண்ணீர் மழைத் தண்ணீர். அம்மா மழைக்காலத்தில் ஒரு டிரம்மில் பிடித்து வெள்ளைத் துணி கட்டி வைத்திருப்பார். கேட்டு வாங்கினேன். மறுபடியும் பாகூர் போய் ஒரு பிடி எடுத்து வந்தேன். இந்த முறை நல்லதாகச் செய்யவேண்டும் என்று புதிதாக ஒரு சிமெண்ட் தொட்டி வாங்கி, அதில் மழைத் தண்ணீரை நிரப்பி விட்டேன்.

மூன்று வாரம் தாங்கியது. முதல் முறையை விட மெதுவாக, ஆனால் அதே மாதிரியே செத்தது. மழைத் தண்ணீர், மிதமான வெயில், வயலிலிருந்து கூடவே வந்த நீர்த்தெள்ளு எல்லாம் இருந்தும் ஏன் என்று தெரியவில்லை. பிறகு தொட்டியின் நீர்மட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்ததைப் பார்த்தேன். வண்ணமீன் கடையில் சொட்டு மருந்து போல விற்கும் பிஎச் (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரத்தன்மை) சோதனைப் புட்டியை வாங்கி வந்து சோதித்தால், அட்டையில் இருக்கும் கடைசி நிறத்தையும் தாண்டிப்போனது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். மழைத் தண்ணீரில் அதைத் தடுக்கும் சரக்கு எதுவும் இல்லாததால் பிஎச் சட்டென்று ஏறிவிடும். புதுத் தொட்டியில் பல வாரம் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகே செடி விடவேண்டும் என்பது தாமரை வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. மொட்டைமாடித் தளத்தில் ஓடி வரும் மழைநீரிலும் இதே சிக்கல் உண்டு. வானத்திலிருந்து நேராகப் பாத்திரத்தில் விழும் மழையைப் பிடிப்பதுதான் பத்திரம்.

மூன்றாவது முறை

இதுதான் என்னை அதிகம் வருத்தியது, அதிகம் கற்றுக்கொடுத்ததும் இதுதான். 2024 மார்ச். அறுவடை முடிந்த வயலோரக் குட்டையில் மிச்சமிருந்த கொடிகளை எடுத்தேன். கறுப்பு பிளாஸ்டிக் டப், டிரம்மில் மிஞ்சிய மழைத் தண்ணீர். வயலில் சேறு இருக்கிறதே என்று தோட்டத்து மண்ணோடு மக்கிய சாணத்தைக் கலந்து அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் போட்டேன். கொசு வராமல் இருக்க நாலு கப்பி மீன்.

முதல் மாதம் அமோகமாக வளர்ந்தது. பைச்செடி நுனியில் வளர்ந்துகொண்டே போகும், பின்பக்கம் பழுப்பாகிச் செத்துக்கொண்டே வரும். பின்பக்கம் பழுப்பாவதைப் பார்த்துப் பலர் பயந்து வெட்டி எறிகிறார்கள். வெட்டவேண்டாம். சாகும் பகுதியிலிருந்து தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) செடி நுனிக்கு இழுத்துக்கொள்கிறது. நுனி சுருள் இறுக்கமாக, பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். என் செடியில் நாளுக்கு ஒன்றிரண்டு கணு புதிதாக வந்தது.

ஆனால் பைகள் குறைந்துகொண்டே வந்தன. புதிதாக வந்த இலைகளில் நூலுக்கு ஒன்று இரண்டு என்று வந்து, அப்புறம் சிலவற்றில் பையே இல்லை. சாணச் சத்து தண்ணீரிலேயே கரைந்து கிடைக்கும்போது செடி பை கட்டுவதற்குச் செலவு செய்வதில்லை. அதோடு கப்பி மீன்கள் நீர்த்தெள்ளை முழுவதும் தின்று தீர்த்துவிட்டன. இதெல்லாம் பின்னால் கோத்துப் பார்த்துப் புரிந்துகொண்டது. அன்றைக்கு, செடி கொழுகொழுவென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் நடுவில் தண்ணீர் பச்சையானது. பிறகு நூல்பாசி வந்தது. கொடியின் ஒவ்வொரு நூலையும் சுற்றிக்கொண்டது. கையால் பிரித்தால் இலையும் கூடவே வந்தது. தினமும் காலையில் காபி குடிக்கும் முன் பிஎச் பார்த்து எழுதிவைப்பேன். 7, 7, சில நாள் 7க்குச் சற்றுக் கீழ். பிழை எதுவும் இல்லை என்று தோன்றியது. செடி மட்டும் நாளுக்கு நாள் வெளிறியது.

மே முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் பார்க்க மறந்து, மத்தியானம் மூன்று மணிக்கு மாடி ஏறிச் சோதித்தேன். 9. புட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவது முறை பார்த்தேன். மறுபடியும் 9. மறுநாள் காலை ஆறு மணிக்கு 7. அன்று மூன்று மணிக்கு மறுபடி 9. இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது.

தண்ணீருக்குள் வாழும் செடிகளுக்கும் கரியமில வாயு வேண்டும். ஹைட்ரில்லா போன்ற பல நீர்ச்செடிகள் அது பைகார்பனேட் என்ற வேறு வடிவமாக மாறித் தண்ணீரில் கரைந்திருப்பதையும் உறிஞ்சிப் பயன்படுத்திக்கொள்ளும். பைச்செடியால் அது முடியாது. கரைந்த வாயுவாகவே இருந்தால்தான் எடுக்கும். பிஎச் 8ஐத் தாண்டிவிட்டால் தண்ணீரில் கரியமில வாயு அப்படியே இருப்பது அனேகமாக இல்லை என்றாகிவிடும். பாசி வெயிலில் வாயுவை வேகமாக உறிஞ்சுகிறது, அதனால் பிஎச் ஏறுகிறது, ஏறிய பிறகு பாசி பைகார்பனேட்டை எடுத்துக்கொண்டு ஓட்டுகிறது. நடு மத்தியானம், வெளிச்சம் கொட்டும் நேரத்தில், பைச்செடி மூச்சடைத்து நிற்கிறது. இரவெல்லாம் அடியில் மக்குவதும் எல்லா உயிர்களும் விடும் மூச்சும் வாயுவைத் திரும்பச் சேர்த்து, காலையில் பிஎச்சை 7க்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நான் தினமும் காலையில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போர் தண்ணீரிலும் சிமெண்ட் தொட்டியிலும் சுண்ணத்தால் நடந்ததும் அனேகமாக இதேதான். மூன்று சாவுக்கும் ஒரே காரணம் என்றுதான் நினைக்கிறேன். எறும்பு பிடித்துப் போட்டபோது நான் செடியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கிடைக்காமல் போனது காற்று.

மே மாதத்தில் கறுப்பு டப்பின் தண்ணீர் 40 டிகிரியைத் தொட்டது. மிச்சமிருந்த நுனிகளும் கரைந்தன. டப்பைக் கவிழ்த்தேன்.

நான்காவது முறை

ஆறு மாதம் எதுவும் வளர்க்கவில்லை. படித்தேன், பொருள் சேர்த்தேன். துறைமுகத்தில் மீன் ஐஸ் பெட்டியாக ஓடித் தேய்ந்த பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்று கிடைத்தது. தெர்மாகோல் வெயிலை உள்ளே விடாது, தண்ணீர் சீராக இருக்கும். உப்பும் கவிச்சியும் போக ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, பெட்டியிலிருந்து தண்ணீரில் உப்பு கசியவில்லை என்று டிடிஎஸ் மீட்டரில் உறுதியான பிறகே எடுத்துக்கொண்டேன்.

அடியில் சேறு போடவில்லை. தேவனாம்பட்டினத்துக் கடல் மணல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தாலும் அதில் கிளிஞ்சல் தூள் இருக்கிறது, அது கரைந்தால் மறுபடி சுண்ணம். அதனால் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணை ஒரு சின்ன மண்சட்டியில் நிரப்பி, அதில் வயல் கோரை இரண்டு தூர் நட்டுப் பெட்டியின் நடுவே வைத்தேன். செம்மண்ணில் இருக்கும் இரும்பு, மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கோரை வேர் குடித்துவிடும். பாசிக்குப் போகவேண்டிய சாப்பாடு பாதி இப்படிக் குறையும்.

பிறகு நாட்டு பாதாம் இலை. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்குவது. எங்கள் ஊரில் தெருவோரமாகவே உதிர்ந்து கிடக்கிறது. மரத்திலேயே சிவந்து, கீழே விழுந்து, நன்றாகக் காய்ந்த பழுப்பு இலைகளாகப் பொறுக்கி, ஒரு நாள் ஊறவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பத்து லிட்டருக்கு ஒரு இலை கணக்கில் அடியில் பரப்பினேன். தண்ணீர் இளந்தேயிலை நிறத்துக்கு மாறியது. இலை மெதுவாக மக்கும்போது கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சாரம் தண்ணீரை லேசாகப் புளிப்பாக்கும், நிறம் பாசிக்குப் போகும் வெளிச்சத்தையும் குறைக்கும். முதலில் வைக்கோலைத்தான் போட நினைத்தேன். பக்கெட்டில் சோதித்தபோது நாலே நாளில் நாற்றம் எடுத்தது. வைக்கோல் மக்கும் வேகம் இதற்கு ஒத்துவராது.

தண்ணீர் பிரச்சினையைப் புயல் தீர்த்துவைத்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்த நாட்கள் அவை. எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு நின்றது. அந்த வாரத்தில் செடியைப் பற்றி நினைக்கவே இல்லை. எல்லாம் வடிந்த பிறகு மாடிக்குப் போனால், தெர்மாகோல் பெட்டியும் இரண்டு டிரம்மும் வானத்து மழையால் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. டிடிஎஸ் 20க்குள்.

டிசம்பர் கடைசியில் பாகூர் வயலில் அதே அண்ணன், அதே சிரிப்பு. ஐந்து நுனிகள் மட்டும் எடுத்தேன், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். வயல் தண்ணீரும் இரண்டு லிட்டர் எடுத்து, அதைப் பெட்டியில் ஊற்றினேன். நீர்த்தெள்ளு, கண்ணுக்குத் தெரியாத மற்ற உயிர்கள் எல்லாம் அதோடு வந்துவிடும். சாப்பாடு போடும் வேலை அதோடு முடிந்தது. இலைச் சருகில் அவை தாமே பெருகும். மீன் விடவில்லை. பெட்டியின் பாதியை மட்டும் காலை வெயில் படும்படி வைத்து, மத்தியானத்துக்குத் தென்னங்கீற்று நிழல்.

பிஎச்சைக் காலையிலும் மூன்று மணிக்கும் பார்த்தேன். காலை 6.5, மத்தியானம் 7. அந்த அரைப் புள்ளி வித்தியாசத்தைப் பார்த்த அன்றே இந்த முறை பிழைக்கும் என்று நம்பினேன். இரண்டு வாரத்தில் ஐந்து கொடி பதினொன்றானது. இலைக்கு இலை பைகள். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் கறுத்த பைகளுக்குள் நீர்த்தெள்ளின் ஓடு தெரிந்தது. அக்கா மகள் ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து எண்ணினாள், ஒரே இலையில் 23 பை.

ஜனவரியில் ஒரு சறுக்கல். டெங்கு தடுப்புக்காக வீடு வீடாக வரும் பணியாளர்கள் மாடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து, நான் இல்லாத நேரத்தில் கொசுப்புழு மருந்தை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் செய்தது அவர்கள் கடமை. பெட்டியில் கொசுப்புழு இருந்ததும் உண்மை. பைச்செடி முட்டையிலிருந்து புதிதாக வந்த கொசுப்புழுவைப் பிடிக்கும், ஆனால் வளர்ந்த புழு பல பைகளுக்குப் பெரிது. இந்தச் செடி இருந்தால் கொசு வராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மருந்தில் நீர்த்தெள்ளும் சேர்ந்து செத்தது. செடி சாகவில்லை, வளர்ச்சி மட்டும் நின்றது. பாதித் தண்ணீரை மாற்றி, வயல் தண்ணீர் மறுபடி இரண்டு லிட்டர் சேர்த்தேன். மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. அன்றிலிருந்து பெட்டியின் மேல் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறேன். முட்டையிட வரும் கொசு உள்ளே போக முடியாது. வருபவர்களிடமும் காட்டி விளக்கிவிடுகிறேன்.

பிப்ரவரி 16 காலை, வலைக்குக் கீழே ஒரு காம்பு தண்ணீரை விட்டு மேலே எழுந்திருந்தது. நாலாம் நாளில் முதல் பூ மலர்ந்தது. உதட்டில் செம்பழுப்பு ரேகை, மற்றபடி முழு மஞ்சள். அம்மா வந்து பார்த்தார். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டு, போன் எடுத்து வரச் சொல்லிப் படமும் எடுத்துக்கொண்டார்.

கேட்பவர்களுக்குச் சில குறிப்புகள். மழைத் தண்ணீர் தீர்ந்தால் கேன் தண்ணீரை விட ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எனக்கு ஒத்துவந்தது. கேன் தண்ணீரில் சில கம்பெனிகள் தாது உப்பைத் திரும்பக் கலக்கிறார்கள், மீட்டர் வைத்துப் பார்த்து வாங்கவேண்டும். நத்தை ஒன்றுகூட உள்ளே வரவிடக்கூடாது, நுனியைத்தான் முதலில் கடிக்கும். நூல்பாசி தலைகாட்டினால் அன்றைக்கே ஈர்க்குச்சியில் சுற்றி எடுத்துவிடவேண்டும், நாளைக்கு என்று விட்டால் மூன்றாவது முறை எனக்கு நடந்ததுதான். ஆல்ட்ரோவாண்டா என்ற இன்னொரு நீர்ப்பூச்சியுண்ணி பற்றியும் கேட்கிறார்கள். சக்கரம் சக்கரமாக இலை, ஒவ்வொன்றிலும் சிப்பி போல மூடும் பொறி. உலகின் பல நாடுகளில் அது அழிந்துபோய்விட்டது. யாராவது காட்டிலிருந்து எடுத்து விற்றால் வாங்காதீர்கள். அழியும் செடியைப் பறித்து மாடியில் கொல்லும் பாவம் நமக்கு வேண்டாம். பைச்செடியில் கைபழகவே எனக்கு மூன்று சாவு ஆனது.

மார்ச் கடைசியில் காம்புகள் தடித்துத் தண்ணீருக்குள் வளைந்தன. உருண்டைக் காய்கள் முற்றிக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏறக் கொடிகள் வெளிறத் தொடங்கியிருக்கின்றன. வயலிலும் கோடையில் இப்படித்தான் காய்ந்துபோகும், விதை சேற்றில் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அதனால் இந்த முறை நான் பதறவில்லை. காய்கள் வெடிக்கும் வரை பெட்டியை அசைக்காமல் விட்டிருக்கிறேன். கோரைச் சட்டியின் செம்மண்ணைக் கோடையில் நிழலில் காயவைத்து, அக்டோபரில் முதல் மழையை அதன்மேல் நேராக விழவிடப் போகிறேன்.